வெண்டைக்காய் வறுவல்: மாவு வேண்டுமா, வேண்டாமா?

தாளிப்பு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வெண்டைக்காய் வறுவல் என்று யார் கேட்டாலும் உடனே கடலை மாவு, அரிசி மாவு என்று பதில் வந்து விழுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரசம் சாதத்துக்கும் சாம்பார் சாதத்துக்கும் தொட்டுக்கொள்ள வீட்டில் செய்கிற வறுவலுக்கு மாவே வேண்டாம். காய், எண்ணெய், உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போதும். நூறு கிராம் வெண்டைக்காயில் ஏறத்தாழ 90 கிராம் தண்ணீர்தான். அதனால்தான் வாணலி வழிய ஏறுகிற அரைக் கிலோ காய், இறக்கும்போது ஒரு கிண்ணத்தில் அடங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரை அவசரப்படாமல் வெளியேற்றினால் காய் தானாகவே முறுகும்.

என் வீட்டு முறை இது. விரல் நீளப் பிஞ்சுக் காயாகப் பார்த்து வாங்குவேன். முழுசாகக் கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, ஃபேன் காற்றில் அரை மணி நேரம் பரப்பி வைப்பேன். கத்தியிலும் பலகையிலும் ஈரம் இருக்கக் கூடாது. நறுக்கும்போது கத்தியில் நூல் ஏறினால் துடைத்துவிட்டுத் தொடர வேண்டும். அரை அங்குலத் துண்டுகள். அதைவிட மெல்லிசாக நறுக்கினால் விதை உதிர்ந்து, விளிம்பு கருகி, வறுவல் தூளாகிவிடும்.

அகலமான வாணலியில் அரைக் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் காயைக் கொட்டி, நல்ல தீயில் வைக்க வேண்டும். மூடி கூடாது. கரண்டியை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைதான் உள்ளே விட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் நூல் நூலாக இழுத்து, பார்க்கவே பயமாக இருக்கும். அப்போது கிளறிக்கொண்டே இருந்தால் கெட்டது. விட்டுவிட்டால் பத்தாவது நிமிடம் நூல் காணாமல் போய், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உருள ஆரம்பிக்கும். விளிம்பு பழுப்பான பிறகு தீயைக் குறைத்து உப்பும் தூள்களும் போட்டு இன்னும் நாலு நிமிடம். உப்பைக் கடைசியில் போட இரண்டு காரணம். முன்னால் போட்டால் தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவந்து காயை வேகவைத்துவிடும். இன்னொன்று, பச்சைக் காயின் அளவைப் பார்த்துப் போட்ட உப்பு, காய் சுருங்கியதும் கரிக்கும்.

இதற்குமேல் மாவு எதற்கு? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரண்டி எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வது பொரியல். நாங்கள் மாவு போட்டுச் செய்வதுதான் வறுவல். :)

என் வீட்டில் இரண்டு பிள்ளைகள். வெண்டைக்காயைச் சாம்பாரில் போட்டால் தட்டு ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைப்பார்கள். அதே காயை மொறுமொறுவென்று பொரித்து வைத்தால் சாப்பாடு பரிமாறும் முன்பே தட்டு காலி. கால் கிலோ காயை நீளவாக்கில் நாலாகக் கீறி, முற்றின விதை இருந்தால் எடுத்துவிட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம், உப்பு போட்டுப் பிசிறி ஐந்து நிமிடம் வைப்பேன். லேசாக ஈரம் விடும். அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவும் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவும் தூவிப் புரட்ட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கக் கூடாது. தெளித்தால் பஜ்ஜி மாவு மாதிரி திரண்டு, மேலே வெந்து உள்ளே சவசவ என்று நிற்கும்.

புரட்டியதும் உடனே பொரிக்க வேண்டும். முதல் ஈடு எண்ணெயில் இருக்கும்போது மீதியில் மாவைப் போட்டு வைக்காதீர்கள், ஊறிவிடும். ஈடு ஈடாகத்தான் பிசிற வேண்டும். ஒரு துண்டைப் போட்டால் நுரைத்துக்கொண்டு மேலே வருகிற சூடு சரியாக இருக்கும்.

எப்போது எடுப்பது என்று பலர் நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் காதால் கேட்பேன். போட்டவுடன் சடசடவென்று பெரிய சத்தம், பெரிய குமிழி. காய்க்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வருகிற சத்தம் அது. போகப்போகக் குமிழி சிறுத்து, சத்தம் தணிந்து, எண்ணெய் கிட்டத்தட்ட அமைதியாகும். அப்போது அரித்து எடுத்தால் ஆறின பிறகும் மொறுமொறுப்பு நிற்கும். சத்தம் இருக்கும்போதே எடுத்தால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஐந்தே நிமிடத்தில் துவண்டுவிடும்.

---

இரும்புச்சட்டி எழுதியது:

தாளிப்பு அக்கா சொன்ன முறையில் மூடி விஷயத்தில் மட்டும் எனக்குக் கேள்வி. எங்கள் அம்மா முதலில் இரண்டு நிமிடம் மூடி வைத்து, பிறகு திறந்து வதக்குவார். காய் உள்ளே வெந்திருக்க வேண்டாமா? மூடாமல் செய்தால் சில நேரம் வெளியே கருகி நடுவில் பச்சை வாடை இருக்கிறதே.

---

தாளிப்பு எழுதியது:

அது காய் முற்றலாக இருந்தால் வரும், இல்லையென்றால் துண்டு பெரிதாக இருந்தால் வரும். பிஞ்சு வெண்டைக்காய் வேகப் பெரிய நேரம் எடுக்காது. மூடினால் ஆவி மூடியில் முட்டி, சொட்டுச் சொட்டாகத் திரும்ப வாணலியிலேயே விழுகிறது. வெளியே போக வேண்டிய தண்ணீரை நாமே திருப்பி ஊற்றுகிற கதை. அம்மா பெரிய துண்டாக நறுக்குகிறவராக இருந்தால் அவருக்கு அது சரியாக வந்திருக்கும்.

சட்டியின் அகலத்தையும் பாருங்கள். குழிவான சின்னக் கடாயில் அரைக் கிலோவைக் குவித்தால் அடியில் உள்ளது வறுபட, மேலே உள்ளது அவியும். என்னிடம் பெரிய வாணலி இல்லாத நாட்களில் தோசைக்கல்லில்தான் செய்தேன். ஒரே அடுக்காகப் பரப்ப முடிவதால் அருமையாக வரும். வேண்டுமானால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.

---

மோர்க்குழம்பு எழுதியது:

எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள், புளிப்பை மறந்துவிட்டீர்கள். எங்கள் பக்கம் வெண்டைக்காய் வதக்கும்போது ஒரு கரண்டி கெட்டியான புளித்தண்ணீர் தெளிப்பது பழைய வழக்கம். இல்லையென்றால் புளித்த தயிர் ஒரு ஸ்பூன். கொழகொழப்புக்குக் காரணம் காயில் உள்ள பசைப்பொருள், ஒருவகை மாவுச்சத்துக் குடும்பத்துச் சங்கிலி மூலக்கூறு. தண்ணீரைக் குடித்து உப்பிப் பிசுபிசுப்பாகும். புளிப்பு சேர்ந்தால் அந்தப் பிசுபிசுப்பு தளர்ந்துபோகும். எலுமிச்சம்பழம், மாங்காய்த்தூள், தக்காளி எல்லாவற்றுக்கும் வேலை இதுதான். வடக்கே குர்குரி பிண்டி என்கிற மொறுமொறு வெண்டைக்காயில் மாங்காய்த்தூள் போடுகிறார்களே, ருசிக்கும் ஆச்சு, இதற்கும் ஆச்சு.

செம்பருத்தியும் பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம். செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்தவர்களுக்கு இந்த வழவழப்பு புதிதில்லை.

ஒரு எச்சரிக்கை. இரும்புச் சட்டியில் புளியோ தயிரோ விட்டு வெண்டைக்காய் செய்யாதீர்கள். காய் கறுத்துவிடும், லேசாக இரும்பு வாடையும் ஏறும். புளிப்பு இல்லாமல் எண்ணெயில் வறுப்பதானால் நன்கு பழகின இரும்பைப்போல வேறு பாத்திரம் கிடையாது.

---

தோட்டக்காரன் எழுதியது:

வணக்கமுங்க. ஒட்டன்சத்திரம் பக்கம் வெண்டை போடுகிறவன். சமையல் எனக்குத் தெரியாது, காயைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன்.

விதை போட்டு 45 நாள் வாக்கில் பறிக்க ஆரம்பிப்போம். அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். பூ பூத்து ஐந்து, ஆறு நாளில் இருக்கிற காய்தான் பிஞ்சு. இரண்டு நாள் தாண்டினால் நார் பாய்ந்துவிடும். ஒரு பறிப்பு தவறினால் அந்தக் காய் சமையலுக்கு உதவாது. செடியிலும் காயிலும் இருக்கிற சுணை கையை அரித்தெடுக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் இறங்குவோம். வெள்ளை ஈயால் வருகிற மஞ்சள் தேமல் நோய் விழுந்தால் இலையும் காயும் வெளுத்துவிடும். அதைத் தாங்குகிற ரகம் என்றுதான் அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி எல்லாம் வந்தன. இப்போது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள்தான் போடுகிறார்கள்.

கடையில் எல்லாக் காயின் நுனியையும் ஒடித்துப் பார்க்கிறீர்கள். ஒடித்துவிட்டு வாங்காமல் போகிற காய் சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் கறுத்து வீணாகிறது. இது வியாபாரிக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம். ஒடிக்க வேண்டாமுங்க. காயை விரலுக்கு நடுவில் பிடித்து லேசாக வளைத்தாலே தெரியும், பிஞ்சு வளைந்து கொடுக்கும், முற்றல் விறைப்பாக நிற்கும். காம்பு காய்ந்து கறுத்திருந்தால் பழைய சரக்கு.

வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் குளிர் அதிகமான இடத்தில் வைக்காதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் காய் குளிரில் அடிபட்டுப் புள்ளி புள்ளியாகக் குழியும். காகிதத்தில் சுற்றிக் காய்கறிப் பெட்டியில் வையுங்கள். இரண்டு, மூன்று நாளில் சமைத்துவிடுங்கள்.

---

கரண்டி எழுதியது:

அண்ணா, நுனி ஒடிக்கிற விஷயம் மனசில் தைத்தது. இனி ஒடிக்க மாட்டேன்.

ஃப்ரிட்ஜ் பற்றி இன்னொன்று சேர்க்கிறேன். வெளியே எடுத்த உடனே நறுக்காதீர்கள். குளிர்ந்த காயில் வியர்வை பூத்துத் துடைக்கத் துடைக்க ஈரம் வரும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு துடைத்து நறுக்கினால் பாதி வேலை மிச்சம்.

---

சித்தூர்க்காரி எழுதியது:

இரண்டு பக்கமும் இல்லாத மூன்றாவது வழி எங்கள் ஊரில் உண்டு. மாவு கிடையாது, ஆனால் வெறும் வறுவலும் கிடையாது. பெண்டகாய வேப்புடு. தாளிப்பு சொன்ன மாதிரியே காயை வறுத்து முடித்து, கடைசியில் ஒரு பொடி தூவுவோம். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய் ஐந்தாறு, தோலோடு பூண்டு நாலு பல், கொப்பரைத் தேங்காய் கொஞ்சம், சீரகம், உப்பு. உரலில் கொரகொரவென்று இடிக்க வேண்டும். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டலாம், ஆனால் கடலையில் இருந்து எண்ணெய் கசியும் முன் நிறுத்திவிடுங்கள். இந்தப் பொடி மிச்சமிருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். மாவு செய்கிற வேலையைக் கடலை செய்கிறது, ருசியும் பத்து மடங்கு.

கல்யாண வீடுகளில் காயை நிறைய எண்ணெயில் பொரித்து, முந்திரியும் கறிவேப்பிலையும் அதே எண்ணெயில் பொரித்துக் கலந்து இலையில் வைப்பார்கள். பப்பும் (பருப்பு) நெய்யும் சூடான சோறும் பக்கத்தில் இருந்தால் வேறு கூட்டு, பொரியல் எதையும் கை தேடாது.

---

வடலி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட வீடுகளில் வெண்டிக்காயைப் பொரிப்பது அப்படியே சாப்பிட மட்டுமில்லை, குழம்பில் போடவும்தான். இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, நல்லாய்ச் சிவக்கும் வரை எண்ணெயில் பொரித்து எடுத்து வைக்க வேணும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி (பூண்டு), வெந்தயம், கறிவேப்பிலை வதக்கி, பழப்புளியும் கறித்தூளும் கரைத்து விட்டுக் கொதிக்க வைத்து, தேங்காய்ப்பால் சேர்த்துத் தடிக்க விடுங்கோ. பொரித்த காயை இறக்கும்போதுதான் போட வேணும். முதலிலேயே போட்டால் பொரித்ததே வீண்.

பொரித்துப் போட்ட காய் குழம்பை உறிஞ்சும், ஆனால் வழவழப்பை குழம்புக்குக் கொடுக்காது. அடுத்த நாள் காலையில் பாணோடு (ரொட்டி, பிரெட்) சாப்பிடும்போது இன்னும் நல்லாய் இருக்கும். இந்த இழையில் எல்லாரும் மொறுமொறுப்பை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றியது. பொரித்த காய் ஊறினாலும் ஒரு தனி ருசி உண்டு.

---

ஜார்ஜியாவாசி எழுதியது:

தாமதமாக வருகிறேன். அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் குடியிருக்கிறேன். இங்கே வெண்டைக்காய் பொரிப்பது ஊர் உணவு. ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்த காய் இது. அவர்கள் அடுப்படியில் இருந்துதான் தென்மாநிலங்கள் முழுக்கப் பரவியது. 1939-இல் தென் கரோலினாவின் கிளெம்சனில் இருந்து வந்த சுணையில்லாத ரகம் ஒன்று, கிளெம்சன் ஸ்பைன்லெஸ், இன்னமும் வீட்டுத் தோட்டங்களில் நிற்கிறது. தோட்டக்காரன் அண்ணன் கை அரிப்பைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் அவர் முறையை எனக்குக் காட்டினார். அரை அங்குல வட்டங்களாக நறுக்கி, கெட்டி மோரில் பத்து நிமிடம் போட்டு, எடுத்து மஞ்சள் மக்காச்சோள மாவில் புரட்டி, வார்ப்பிரும்புச் சட்டியில் பொரிக்கிறார். மாவில் உப்பும் மிளகும் காரத்துக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூளும். எண்ணெய்ச் சூடு 175 முதல் 180 டிகிரி. அந்த மாவு ரவை பதத்தில் இருக்க வேண்டும். இந்தியக் கடைகளில் சோள மாவு என்று கிடைக்கும் வெள்ளைப் பவுடர் வெறும் ஸ்டார்ச், அதில் இது வராது. மக்காச்சோள ரவை கேட்டு வாங்குங்கள்.

அவர் காயைத் துடைக்கவே இல்லை. நான் துணியை எடுத்துக்கொண்டு போனபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நறுக்கின இடத்தில் கசிகிற அந்தப் பசைதான் மாவைப் பிடித்துக்கொள்கிறது. மோர் அதை இளக்கி எல்லாப் பக்கமும் பரவ வைக்கிறது. எண்ணெயில் விழுந்ததும் பசையும் மாவும் சேர்ந்து ஓடாக இறுகுகின்றன. காய்ந்த காயில் மாவு ஒட்டாமல் எண்ணெயில் உதிர்ந்து அடியில் கருகும்.

இங்கே நடக்கிற விவாதத்துக்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாவில்லாத வறுவலில் பசையை விரட்ட வேண்டும். மாவு வறுவலில் பசையை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்து, நன்றாக உலர்த்தின காயில் மாவைத் தூவுகிறவர்கள்தான் தண்ணீர் தெளிக்கப் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

---

தாளிப்பு எழுதியது:

> மாவு வறுவலில் பசையை வைத்துக்கொள்ள வேண்டும்.

இது எனக்குப் புதுச் செய்தி, ரொம்பப் பிடித்தது. கரண்டி உப்பை முதலிலேயே போட்டு ஈரம் விடவைப்பதும் இதே காரணத்துக்குத்தான் என்று இப்போது விளங்குகிறது. நான் உப்பைக் கடைசியில் போடச் சொல்வதும் அவர் முதலில் போடச் சொல்வதும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

ஆனாலும் தினசரிச் சாப்பாட்டுக்கு என் கட்சி மாறாது. மாவு போட்டுப் பொரித்ததில் முதலில் நாக்குக்குத் தெரிவது மாவும் காரமும். காயின் ருசி பின்னால்தான் வருகிறது. பிஞ்சு வெண்டைக்காய் எண்ணெயில் நிதானமாகச் சிவக்கும்போது லேசாக ஒரு இனிப்பும், வறுத்த விதையின் வாசனையும் வரும். ரசம் சாதத்தோடு அதைக் கடிக்கும்போது விதை பல்லில் நறுக்கென்று உடைய வேண்டும். அதை மாவுக்குள் மூடி வைக்க எனக்கு மனசில்லை. விருந்தாளி வந்தாலோ, பிள்ளைகளுக்குச் சாயங்காலத் தீனியாகவோ கரண்டியின் முறை இருக்கட்டும்.

---

இரும்புச்சட்டி எழுதியது:

மூடாமல், பரப்பி, கிளறாமல் செய்து பார்த்தேன். அருமையாக வந்தது, நன்றி அக்கா. அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஏர் ஃபிரையரிலோ ஓவனிலோ யாராவது செய்கிறீர்களா?

---

கரண்டி எழுதியது:

செய்கிறேன் தம்பி. அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுக் கையால் நன்றாகப் பிசிற வேண்டும், எல்லாத் துண்டிலும் எண்ணெய் பட வேண்டும். ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒரு தடவை குலுக்கிவிடுங்கள். ஓவன் என்றால் 200 டிகிரியில் 20, 25 நிமிடம். கூடையை நிரப்பாதீர்கள், ஒரே அடுக்கு. உப்பும் தூளும் வெளியே எடுத்து, சூடாக இருக்கும்போதே தூவுங்கள். மாவு போட்டுச் செய்வதானால் எண்ணெய் படாத இடத்தில் மாவு வெள்ளையாக வேகாமல் நிற்கும், அதனால் இதில் மாவில்லாத முறைதான் நல்லது. தாளிப்பு அக்காவுக்கு ஒரு ஓட்டு. :)

வாணலியில் செய்த வாசனை வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாளிப்பைத் தனியாகச் செய்து மேலே கொட்டினால் ஓரளவு வரும்.

---

சித்தூர்க்காரி எழுதியது:

தோட்டக்காரன் அண்ணா, சந்தையில் சிவப்பு வெண்டை பார்த்தேன். அது வறுத்தால் எப்படி இருக்கும்?

---

தோட்டக்காரன் எழுதியது:

வாரணாசி ஆராய்ச்சி நிலையத்து காசி லாலிமா மாதிரி சிவப்பு ரகங்கள் இருக்கு. அழகாக இருக்கும், ஆனால் வாணலியில் சூடு பட்டதும் சிவப்பு போய்ப் பச்சையாகிவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். வறுவலுக்காகவே வாங்குவதானால் விலை கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை. யானைத்தந்த வெண்டை கிடைத்தால் விடாதீர்கள். வெளுப்பாக, நீளமாக, சதை தடியாக இருக்கும். நீளத்தைப் பார்த்து முற்றல் என்று நினைத்துவிட வேண்டாம், வளைத்துப் பாருங்கள்.

---

வடலி எழுதியது:

ஒரு கேள்வி. மோர்க்குழம்பு, நீங்கள் வெண்டிக்காயை மோரில் ஊறப்போட்டு வத்தலாகக் காயவைப்பீர்களா? எங்கட பக்கம் மிளகாயைத்தான் மோரில் போட்டுக் காயவைப்போம். வெண்டிக்காயில் செய்து பார்க்க ஆசை.

---

மோர்க்குழம்பு எழுதியது:

கட்டாயம் செய்யுங்கள், சித்திரை வெயிலுக்கு ஏற்ற வேலை. பிஞ்சுக் காயைச் சாய்வாக, முக்கால் அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். காயும்போது வெகுவாகச் சுருங்கும் என்பதால் சின்னதாக நறுக்க வேண்டாம். நன்றாகப் புளித்த கெட்டி மோரில் உப்புப் போட்டு, காய் மூழ்கும் அளவுக்கு விட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் காயை மட்டும் வடித்துத் துணியில் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும், மோரையும் தனியே வெயிலில் வைக்கலாம். சாயங்காலம் காயைத் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுவதையும் காய் குடித்து முடிக்கும் வரை இப்படியே. அப்புறம் கையில் எடுத்தால் கல்லுக் கல்லாகச் சத்தம் கேட்கும்வரை காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூசணம் பிடிக்கும்.

பொரிக்கும்போது மிதமான சூடு போதும். சில நொடியில் பழுப்பாகிவிடும், கண்ணை எடுக்கக் கூடாது. உப்பு ஏற்கெனவே ஏறியிருப்பதால் தயிர்சாதத்துக்கு நாலு துண்டு தொட்டுக்கொண்டால் போதும். வத்தக்குழம்பில் போடுவதானால் நல்லெண்ணெயில் பொரித்து, நீங்கள் சொன்ன மாதிரியே, இறக்கும் நேரத்தில் போடுங்கள். குழம்புக்கு உப்புப் போடும்போது கையைக் குறையுங்கள்.